ஒன்றரை அடி

பாட்டில் நாற்காலிக்கு அடியில்தான் இருக்கிறது. இடது செருப்பின் நுனியால் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். யாரும் எடுக்கவில்லை, யார் எடுக்கப் போகிறார்கள், மேடையில் உட்கார்ந்திருக்கிற பதினோரு பேருக்கும் முன்னால் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் மூடி திறக்காமல் நிற்கும்போது காலடியில் கிடக்கிற அழுக்குப் பாட்டிலை எவன் தொடுவான். குணாநிதி பேசிக்கொண்டிருக்கிறான். ஒன்றியக் கவுன்சிலர், என் வலதுகை என்று தன்னைத்தானே சொல்லிக்கொள்கிறவன், மைக் கிடைத்தால் விடமாட்டான். பனியிலே நின்று பாறையிலே படுத்து எல்லையைக் காத்த கை, இன்று ஏர் பிடித்து ஏழைக்கு வீடு கொடுக்கிற கை என்கிறான், எல்லோரும் என் கையைப் பார்க்கிறார்கள், நானும் பார்த்துக்கொள்கிறேன், காலையில் நகத்தில் ஏறிய செம்மண் இன்னும் போகவில்லை. ஏர் நான் பிடித்ததே இல்லை. டிராக்டர்தான், அதுவும் வாடகை டிராக்டர். பட்டாளத்திலிருந்து வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது, இந்த ஒன்றியத்தில் பாதிப் பேருக்கு என் பெயர் தணிகாசலம் என்றே தெரியாது. மேஜர், மேஜரய்யா, மேஜர் வூடு, மேஜர் கொல்லை. ஒன்றியத் தலைவர் ஆன பிறகும் தலைவரே என்று கூப்பிடுகிறவன் கட்சிக்காரன் மட்டும்தான். மணி மூன்றரை, ஆனால் விளக்கு வைக்கிற நேரத்து வெளிச்சம். கிழக்கே கறுத்துக்கொண்டு வருகிறது. நேற்று முன்தினம் பெய்தது, நேற்று பெய்தது, இன்று காலையிலிருந்து பெய்யவில்லை, அதனால்தான் எல்லோருக்கும் முகத்தில் இவ்வளவு சந்தோஷம், மேஜர் கூட்டம் போட்டா மழையும் நிக்கும் என்று ஒருவன் முதலில் பேசிவிட்டுப் போனான், கைதட்டினார்கள். எனக்கு முன்னால் முப்பத்தாறு வீடுகள், ரோஸ் பெயின்ட், நீலக் கதவு, கதவுக்குக் கதவு மாவிலை. எனக்குப் பின்னால் ஏரிக்கரை. மேடையைக் கரைக்கு முதுகு காட்டித்தான் போட்டிருக்கிறார்கள், அதனால் உட்கார்ந்திருக்கிற எங்களுக்குக் கரை தெரியாது, கீழே பாயில் உட்கார்ந்திருக்கிற ஜனங்களுக்கு மேடைக்கு மேலே கரை தெரியும். கரைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் நிற்கிறது. நான் உட்கார்ந்திருக்கிற இந்த நாற்காலியைவிட இரண்டு ஆள் உயரத்தில் நிற்கிறது. கூட்டத்தில் இரண்டு பேர் அடிக்கடி என் தலைக்கு மேலே பார்க்கிறார்கள். ஒருவர் மதகு ஏகாம்பரம், இன்னொருத்தி பச்சையம்மா. மற்றவர்கள் என்னைப் பார்க்கிறார்கள்.

ஏகாம்பரம் காலை ஆறரைக்கு வந்தார். நான் நெல் நடவுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டு வரப்பில் நின்றேன், அவர் நடந்து வருகிற விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, வரப்பை விட்டு இறங்காதவர், இன்று இறங்கிச் சேற்றில் குறுக்கே வந்தார். மூன்று தலைமுறையாக மதகைத் திறந்து மூடுகிற குடும்பம், அவருக்கு ஏரியைப் பற்றித் தெரியாததை எனக்கு எந்தக் காலேஜிலும் சொல்லிக்கொடுக்கவில்லை. "அய்யா, மூணாம் மதகாண்ட கரையடியில தண்ணி வருதுங்க." "எப்பவும் வர்றதுதான ஏகாம்பரம், ஏரி ரொம்பினா கரை வேர்க்காதா?" "வேர்க்கறது இல்லீங்கய்யா. நேத்து வரிக்கும் தெளிவா வந்துச்சி. இன்னிக்கி செவப்பா வருது." அவ்வளவுதான் சொன்னார், மேலே சொல்லத் தேவையில்லை, நான் பாலம் போடுகிற படையில் இருந்தவன், மண்ணைப் பற்றி எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும். தெளிந்த தண்ணீர் கசிந்தால் தண்ணீர் மட்டும் வருகிறது. சிவந்த தண்ணீர் கசிந்தால் கரையும் கூட வருகிறது. உள்ளே எங்கோ விரல் நுழைகிற வழி ஒன்று உண்டாகிவிட்டது, அது கை நுழைகிற வழியாகும், பிறகு ஆள் நுழைகிற வழியாகும், கடைசிக் கட்டத்துக்கு ஒரு மணி நேரம் போதும். போய்ப் பார்த்தேன். குந்தி உட்கார்ந்து கையை வைத்தேன், சில்லென்று இருந்தது, விரலுக்கிடையில் நறநறவென்று மணல். எருமை மிதித்திருக்கும் என்றேன். "இந்த மழையில எருமைய யாருங்க ஓட்டிக்கினு வந்தா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். காரிலிருந்து காலிப் பாட்டிலை எடுத்து வந்து பிடித்தேன், டீ நிறம். நீர்வளத் துறை இன்ஜினியருக்குப் போன் போட்டேன், இரண்டு ரிங் போயிற்று, கட் பண்ணிவிட்டேன். எடுக்கவில்லை என்று ஏகாம்பரத்திடம் சொன்னேன். இரண்டு ரிங்கில் யார் எடுப்பார்கள், எனக்குத் தெரியாதா, அவர் எடுத்துவிடுவாரோ என்றுதானே கட் பண்ணினேன். "நீ யார்கிட்டயும் சொல்லாத, ஜனங்க மிரண்டுடும், சாயந்திரம் கூட்டத்துல நானே மைக்குல சொல்றன்" என்றேன். "சொல்லிடுங்கய்யா" என்றார். அதற்காகத்தான் வந்து உட்கார்ந்திருக்கிறார், மூன்றாவது வரிசை, வேட்டியை மடித்துக் காலுக்கடியில் செருகிக்கொண்டு. பாட்டிலை ஏன் மேடைக்கு எடுத்து வந்தேன் என்று கேட்டால், காட்டுவதற்கு. கையில் தூக்கிப் பிடித்து, இதோ பாருங்கள் என்று காட்டிவிட்டால் பேச்சு நீளாது. குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி பார்த்தேன். மேலே தண்ணீர் கொஞ்சம் தெளிந்திருக்கிறது, அடியில் ஒரு விரல்கடை மண். காலையில் காரில் வைத்தபோது இப்படி இல்லை. ஒரு பாட்டில் தண்ணீருக்கு ஒரு விரல் மண் என்றால், காலையிலிருந்து இப்போது வரை ஓடிய தண்ணீருக்கு எவ்வளவு மண், எத்தனை கூடை, கரைக்குள்ளே எவ்வளவு பெரிய வெற்றிடம், வேண்டாம், கணக்குப் போடாதே.

ஒன்றரை அடி. எல்லாம் அந்த ஒன்றரை அடியில்தான் ஆரம்பித்தது. நான் அரசியலுக்கு வரவேண்டும் என்று வரவில்லை, இதைச் சொன்னால் குணாநிதியே சிரிப்பான், ஆனால் உண்மை. அப்பாவின் ஏழு ஏக்கர் கடைமடையில் இருக்கிறது, ஏரித் தண்ணீர் எல்லோருக்கும் பாய்ந்து கடைசியில் வருகிற இடம், வந்தால் உண்டு. முதல் நாலு வருஷம் கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் தண்ணீர் நின்றது. பட்டாளத்தில் ஒரு குரல் கொடுத்தால் முப்பது பேர் ஓடுவார்கள், இங்கே காய்ந்த கதிரைக் கையில் வைத்துக்கொண்டு வரப்பில் நின்றால் ஒரு காக்காய்கூட திரும்பிப் பார்க்காது. கார்த்திகையில் ஏரி நிரம்பி மிச்சத் தண்ணீர் வழிகிற கல் கட்டுக்கு எங்கள் பக்கம் கோடி என்று பெயர். ஏரி கோடி போனால் ஊரே கூடிப் பொங்கல் வைக்கும், ஆட்டை வெட்டும், நானும் நின்று பார்த்தேன், பத்து நாள் பதினைந்து நாள் அவ்வளவு தண்ணீரும் வழிந்து ஆற்றுக்குப் போகிறது, மாசியில் என் நிலம் வெடிக்கிறது. கோடியின் மேல் ஒன்றரை அடி கான்கிரீட் போட்டால் இந்தத் தண்ணீர் முழுக்க ஏரியிலேயே நிற்கும், கடைமடைக்கு இரண்டாம் போகம் நிச்சயம் என்று ஒருநாள் டீக்கடையில் சொன்னேன். அவ்வளவுதான் நான் செய்தது. மறுவாரம் கட்சிக்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள். சுவருக்குச் சுவர் ஒன்றரை அடி என்று எழுதினார்கள், வேறு எதுவும் எழுதவில்லை, வேறு எதுவும் தேவைப்படவில்லை. பட்டாளத்து இன்ஜினியர் சொல்றாரு, தப்பா போவுமா என்றார்கள். ஜெயித்த நாற்பதாவது நாள் போட்டேன், நானே கூட நின்று. தண்ணீரை ஒன்றரை அடி உயர்த்தினால் கரையையும் உயர்த்த வேண்டும், அதைத் தெரியாமல் செய்யவில்லை, அடுத்த வருஷம் என்று நினைத்தேன், அடுத்த வருஷம் கரைமேல் ரோடு போட்டோம், ரோட்டுக்காக அறுபது பனையை வெட்டினோம், பனை போனாலும் வேர் உள்ளே இருந்தது, வேர் மக்கும், மக்கினால் வழி உண்டாகும், மூன்றாம் மதகுப் பக்கம்தான் பனை அதிகம். அப்புறம் ஏறிய தண்ணீர் ஏரியின் மேலோரத்தில் இருளர் குடிசைகளுக்குள் புகுந்தது. முப்பத்தாறு குடும்பம், எலி பிடித்தும் மரம் வெட்டியும் பிழைக்கிறவர்கள், அந்த மேட்டில் நாற்பது வருஷமாக இருந்தவர்கள். போன கார்த்திகையிலிருந்து பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள், மூன்று வகுப்பறையில். அவர்களுக்கு வீடு கட்ட இடம் தேடினால் புறம்போக்கு இந்த ஒரு துண்டுதான் இருந்தது, கரையின் அடியில். "சார், கரைக்கு இவ்ளோ கிட்டயா?" என்று சர்வேயர் கேட்டான். "நான் இன்ஜினியர்யா" என்றேன். அந்தப் பையன் மேலே கேட்கவில்லை. என்னிடம் யாருமே மேலே கேட்பதில்லை, அதுதான் என் வாழ்க்கையில் வந்த வினை.

இப்போது யாரோ எனக்குச் சால்வை போடுகிறார்கள். எழுந்து குனிந்து வாங்கி, போட்டவர் தோளிலேயே திருப்பிப் போட்டு, போட்டோவுக்கு நின்று, உட்கார்ந்தேன். உட்காரும்போது கால் பாட்டிலைத் தட்டிவிட்டது, உருண்டது, குனிந்து பிடித்துவிட்டேன், உள்ளே எல்லாம் மறுபடி கலங்கிவிட்டது, நல்லது, மண் எவ்வளவு என்று பார்க்கவேண்டியதில்லை. எனக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர். இரண்டு வாக்கியம். இன்றைக்கு யாரும் இங்கே படுக்க வேண்டாம். கோடியை உடைக்க வேண்டும். இரண்டே வாக்கியம், சொல்லிப் பார்த்துக்கொண்டேன், நாக்கு புரள்கிறது, ஒரு கஷ்டமும் இல்லை. பொக்லைன் ஒன்று வந்தால் கான்கிரீட்டை இரண்டு மணி நேரத்தில் பெயர்த்துவிடலாம், ராத்திரிக்குள் நீர்மட்டம் இறங்க ஆரம்பிக்கும், மூன்றாம் மதகுப் பக்கம் மணல் மூட்டை அடுக்கலாம், ஜனங்கள் பள்ளிக்கூடத்திலேயே இன்னும் நாலு நாள் இருக்கட்டும். ஆனால் கோடியை உடைத்தால் ஒன்றரை அடி போயிற்று, முந்நூறு ஏக்கர் இரண்டாம் போகம் போயிற்று, கூட்டத்தில் பின்வரிசையில் நிற்கிறார்கள் பார், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, அவர்கள்தான் அந்த முந்நூறு ஏக்கர். ஏன் உடைக்கணும் மேஜர் என்று கேட்பார்கள். கரை தாங்காது என்று சொல்ல வேண்டும். போடும்போது உங்களுக்குத் தெரியாதா என்று கேட்பார்கள். தெரியும் என்று சொல்ல வேண்டும். தை மாதம் சட்டசபைக்கு வேட்பாளர் பட்டியல் வருகிறது, என் பெயர் முதலில் இருக்கிறது என்கிறார்கள், அது கிடக்கட்டும், அதற்காக இல்லை, சத்தியமாக அதற்காக மட்டும் இல்லை. தெரியும் என்று சொல்லுகிற அந்த ஒரு சொல்தான். அறுபத்துமூன்று வயதில் அதை நான் சொல்லிப் பழகவில்லை. காற்று ஒரு தடவை பலமாக அடித்தது, ஷாமியானாத் துணி மேலே போய் இறங்கிற்று, ஒரு குழந்தை வீறிட்டது. பின்னால், கரைப் பக்கம், ஒரு சத்தம். தொம் என்று. தென்னை மட்டை விழுந்திருக்கும். திரும்பிப் பார்க்கக் கூடாது, மேடையில் நான் திரும்பினால் இருநூறு பேரும் பார்ப்பார்கள். ஏகாம்பரத்தின் முகத்தைப் பார்த்தேன். அவர் கரையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார், ஒன்றும் இல்லை போலிருக்கிறது. என் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பயமாகத்தான் இருக்கிறது, இதில் மறைக்க என்ன இருக்கிறது, குண்டு பறக்கிற இடத்தில் இருந்திருக்கிறேன், இந்தப் பயம் அங்கே வந்ததில்லை.

அங்கேயும் வந்தது. ஒரே ஒரு தடவை. எங்கள் படைப்பிரிவில் ஒரு வழக்கம் இருந்தது, சட்டப் புத்தகத்தில் கிடையாது, ஆனால் யாரும் மீறியதில்லை. பாலம் போட்ட அதிகாரி முதல் வண்டி போகும்போது பாலத்துக்குக் கீழே போய் நிற்க வேண்டும். அவன் வேலையை அவனே நம்புகிறான் என்று மேலே போகிறவனுக்குத் தெரிவதற்காக. பதினோரு பாலத்துக்குக் கீழே நின்றிருக்கிறேன், தலைக்கு மேலே இரும்பு முனகும், துருவும் புழுதியும் முகத்தில் விழும், அந்தப் பெருமையைப்போல ஒன்றை நான் பிறகு அனுபவித்ததில்லை, ஓட்டு எண்ணி முடித்த அன்றுகூட இல்லை. பன்னிரண்டாவது பாலம் வடகிழக்கில் ஒரு மலை ஆற்றில். இன்னாசிமுத்து என்று ஒரு ஹவில்தார், திண்டிவனத்துப் பக்கம், குட்டையான ஆள், எதைச் சொன்னாலும் காலால் மண்ணைக் கிளறிக்கொண்டே சொல்வான். "அக்கரை மண்ணு இளகுது சார். இன்னும் ரெண்டு அடுக்கு கட்டை குடுத்துட்டு வுடலாம்." இரண்டு அடுக்கு என்றால் நாலு மணி நேரம். எனக்குப் பின்னால் கர்னல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், மலை வளைவில் நாற்பது லாரி. இன்னும் நாலு மணி நேரம் வேண்டும் சார் என்று அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும், அவர் ஏன் என்பார், நான் சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. "நான் கீழ நிக்கறேன் இன்னாசி" என்றேன். "அதுக்கில்ல சார்" என்றான். அதற்கு மேல் சொல்லவில்லை, சல்யூட் அடித்தான், அக்கரைக்குப் போய் நின்று லாரிகளுக்கு இரண்டு கையையும் தூக்கி வா, வா என்று காட்ட ஆரம்பித்தான். நான் இக்கரைப் பக்கம் இடுப்பளவு தண்ணீரில் பாலத்துக்குக் கீழே நின்றேன். ஜீப் போயிற்று. முதல் லாரி போயிற்று. இரண்டு, மூன்று, நாலு. ஐந்தாவது லாரி அக்கரையைத் தொடும்போது கரை அப்படியே உட்கார்ந்தது. டிரைவரும் இன்னாசியும். மேலே இருந்தவர்களெல்லாம் என்னை நம்பித்தான் ஏறினார்கள், நான் கீழே நிற்பதைப் பார்த்துவிட்டுத்தான் ஏறினார்கள். விசாரணையில் கேட்டது ஒரே கேள்விதான், சம்பவத்தின்போது நீ எங்கே இருந்தாய். பாலத்துக்குக் கீழே, சார் என்றேன். அந்த அதிகாரி ஃபைலை மூடினார், கை கொடுத்தார். மூன்று சொல். இன்னாசி சொன்ன இரண்டு அடுக்கு கட்டையைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கீழே நின்றேனே, ஓடவில்லையே, செத்தால் நானும் செத்திருப்பேனே என்று எத்தனையோ வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். கீழே நின்றேன். நின்றேன் சரி, அதற்கும் அக்கரை மண்ணுக்கும் என்ன உறவு என்று கேட்க இன்னாசி இல்லை.

"அடுத்ததாக, நம் மண்ணின் மைந்தர், மேஜர் அண்ணன் அவர்கள்." எழுந்தேன். கைதட்டல் நிற்கும்வரை நின்றேன். மைக்கின் கழுத்து நனைந்திருந்தது, தூறல் விழ ஆரம்பித்துவிட்டதா, இல்லை, பேசினவர்களின் எச்சில். மேடையில் வீற்றிருக்கும் என்று ஆரம்பித்தேன், அதை ஆரம்பித்தால் மற்றப் பத்துப் பேரையும் சொல்லித்தான் ஆகவேண்டும், சொன்னேன், ஒரு பெயரைக்கூட விடவில்லை, எவ்வளவு நிதானமாகச் சொல்கிறேன் என்று எனக்கே ஆச்சரியம். முடிந்தது. இப்போது. இன்றைக்கு யாரும் என்று வாயைத் திறக்கிறேன், பச்சையம்மா எழுந்து நின்றுவிட்டாள். ஐம்பது வயது இருக்கும், அந்த முப்பத்தாறு குடும்பமும் அவள் உட்கார்ந்தால் உட்காரும், எழுந்தால் எழுந்திருக்கும். "மேஜரய்யா, ஒரு வார்த்த. தப்பா நெனச்சிக்காதீங்க. வூடு லட்சணமா கீது. ஆனா ஏரி ரொம்பி நிக்குது, கரைக்குக் கீழ படுக்க எங்களுக்கு பயமா கீது. கார்த்தி மாசம் போவட்டும். அது வரிக்கும் இஸ்கூல்லயே இருந்துக்கறோம். சாவிய மட்டும் குடுங்க." தப்பிக்கிற வழியை அவளே என் கையில் கொண்டுவந்து வைத்தாள். நான் ஒன்றும் சொல்ல வேண்டாம், கோடி வேண்டாம், கான்கிரீட் வேண்டாம், சரிம்மா என்று ஒரு சொல் சொன்னால் போதும், முப்பத்தாறு குடும்பமும் பிழைத்தது. சரிம்மா என்றுதான் சொல்லப் போனேன். "ஏம்மா, யார் முன்னாடி இன்னா பேசற?" என்று குணாநிதி பாய்ந்தான். "மேஜர் கட்டின வூடு, மேஜர் உசத்தின ஏரி. அவர நம்பலன்னா வேற யார நம்புவ?" பின்வரிசையில் துண்டுக்காரர்கள் சிரித்தார்கள். ஒருவன் சத்தமாகவே கேட்டான், "அப்ப மேஜரு தப்பா கட்டிட்டாருன்றியா?" இருநூறு பேரும் என்னைப் பார்த்தார்கள். கர்னல் கடிகாரத்தைப் பார்த்தார். என் வாய் என்னைக் கேட்கவில்லை, அது தானாகப் போய்ப் பாலத்துக்குக் கீழே நின்றுகொண்டது. "பச்சையம்மா பயப்படறதுல தப்பு இல்ல" என்று என் குரல் ஒலிபெருக்கியில் கேட்கிறது, "ஒண்ணாம் நம்பர் வூட்டுச் சாவிய எனக்குக் குடுங்க. இன்னிக்கி ராத்திரி நான் இங்க படுக்கறேன். கரைக்கு முதல் வூடு என்னுது." கூட்டம் எழுந்துவிட்டது. விசில், கைதட்டல், மேஜர் வாழ்க, குணாநிதிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பச்சையம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மேடைக்குக் கிட்டே வந்து அண்ணாந்து என்னைப் பார்த்தாள், இந்தத் தடவை என் தலைக்கு மேலே பார்க்கவில்லை. "நீங்களே படுக்கறீங்கன்னா அப்புறம் எங்களுக்கு இன்னா சாமி பயம். வர்றோம். இன்னிக்கே வர்றோம்." திரும்பித் தன் ஜனங்களைப் பார்த்து, "எழுந்திருங்கடி, மூட்டைய கட்டலாம்" என்றாள்.

சாவிகளைக் கொடுத்தேன், முப்பத்தைந்து பேருக்கு, ஒவ்வொருவரோடும் போட்டோ. ஒன்றாம் நம்பருக்கு உரியவன் இன்று ஒருநாள் தம்பி வீட்டில் படுத்துக்கொள்கிறேன் என்று சிரித்தான், அவன் ஒருவனாவது பிழைத்தான் என்று நினைத்தேன், அதுவும் இல்லை, தம்பி வீடு இங்கேயே நாலாம் நம்பர். நன்றியுரை முடிவதற்குள் தூறல் வந்தது, தேசிய கீதத்துக்கு நின்றபோது மழையாகிவிட்டது. அட்டென்ஷனில் நின்றேன், நெற்றியில் தண்ணீர் இறங்கிக் கண்ணுக்குள் போயிற்று, துடைக்கவில்லை. இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்தேன், மைக் பக்கத்தில்தான் இருக்கிறது, பாட்டில் இருக்கிறது, தூக்கிக் காட்டிவிடலாம், தமாஷாகச் சொல்வதுபோலச் சொல்லிவிடலாம். குனிந்தேன். நாற்காலிக்கடியில் பாட்டில் இல்லை, புதுப் பாட்டில் ஒன்று நின்றது. "அழுக்குத் தண்ணி இருந்துச்சிண்ண, நீங்க தெரியாம குடிச்சிடப் போறீங்கன்னு ஊத்திட்டன்" என்றான் குணாநிதி. மைக் செட்டுக்காரன் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டான், மழையில் ஷாக் அடிக்கும் என்ற அவசரம் அவனுக்கு. மேடைப் படியில் ஏகாம்பரம் நின்றுகொண்டிருந்தார், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு. "சொல்றன்னீங்களே அய்யா." "நான் இங்கதான் படுக்கறேன் ஏகாம்பரம்." "அதுக்கில்லீங்கய்யா" என்றார். நான் அவர் காலைப் பார்த்தேன், மண்ணைக் கிளறுகிறாரா என்று. கிளறவில்லை. இவர் இன்னாசி இல்லை, இவர் மேலேயும் சொன்னார். "நீங்க படுத்துக்கினா தண்ணி வராதுங்களா?" கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை, ஏதோ இன்ஜினியர், நாளைக் காலையில், மணல் மூட்டை என்றெல்லாம் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கடைசிவரை கேட்டார், பிறகு கரைமேல் ஏறி மூன்றாம் மதகுப் பக்கம் போய்விட்டார், தோளில் மண்வெட்டியோடு, தனியாக. ஒரு மண்வெட்டி என்ன செய்யும். கூட நானும் போயிருக்கலாம். கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. விளக்குகள் போட்டுவிட்டார்கள், முப்பத்தாறு வீட்டிலும் மஞ்சள் வெளிச்சம், நல்ல வீடுகள்தான். ஒன்றாம் நம்பர் வீட்டு வாசலில் சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரோட்டிலிருந்து வீடுகளுக்கு வர வாய்க்காலின் மேல் ஒரு சின்னப் பாலம், நாலு எட்டு வைத்தால் தாண்டிவிடலாம். வாய்க்காலில் காலையில் தண்ணீர் இல்லை, இப்போது ஓடுகிறது, விளக்கு வெளிச்சத்தில் நிறம் தெரியவில்லை. பள்ளிக்கூடத்து வழியில் அவர்கள் வந்தார்கள். பாய், சட்டி, கோழி, தலையில் சாக்கு. பச்சையம்மா முன்னால் வந்தாள், பாலத்தைத் தாண்டினாள், சிரித்தாள், அடுத்த வீட்டுக் கதவைத் திறந்தாள். பின்னால் இரண்டாவது குடும்பம். மூன்று. நாலு. ஐந்தாவதாக வந்த பெண் இடுப்பில் குழந்தையோடு பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டாள், கீழே ஓடுகிற தண்ணீரைப் பார்த்தாள், கரையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், வரலாமா என்று கேட்கிற மாதிரி. மழையில் குரல் கேட்காது. நான் இரண்டு கையையும் தூக்கி, வா, வா என்று காட்டினேன்.